சமையலறையும் சேர்ந்து ஒலிபரப்பாகிறது

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அலாஸ்காவின் இந்த மீன் ஆலையில் நான் நலம்.

தீயணைப்பு, போலீஸ் வயர்லெஸ் பேச்சைக் கேட்க நீங்கள் வாங்கிய ஸ்கேனர் பெட்டியை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. கடைக்காரர் எழுநூறு டாலர் டிஜிட்டல் பெட்டியை நீட்டினாராம். நீங்கள் முதலில் தீயணைப்பு நிலையத்தில் விசாரித்துவிட்டு வந்து, "எங்க ஊர் தீயணைப்பு வண்டிங்க இன்னும் பழைய அனலாக்லதான் பேசுது. நூறு டாலர் பெட்டி போதும்" என்றீர்களாம். அதில் வரும் பேச்சை நீங்கள் இணையத்தில் ஒலிபரப்புவதால்தான் நம் நெப்ராஸ்கா ஊர் இங்கே எனக்குக் கேட்கிறது.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு வேளையில் கேட்டேன். எங்கோ புல்லில் தீ, இரண்டு வண்டிகள் கிளம்பின. நடுவே நம் நாய் பிஸ்கட் குரைத்தது. பக்கத்திலிருந்த, என்னோடு வேலை செய்யும் ரஸ்ஸல், "உங்க ஊர்ல நாயையும் தீயணைப்புல சேர்த்துட்டாங்களா?" என்றான். அடுத்து, என் பெயரைச் சொல்லி அதனிடம் பேசும் உங்கள் குரல்: "சும்மா இருடா. டார்லா இருந்தா உனக்கு முட்டை பொரிச்சுக் குடுப்பா. எனக்குந்தான்."

போனில் நீங்கள் "எல்லாம் நல்லா இருக்கு" என்பதோடு வைத்துவிடுவீர்கள்.

அப்பா, ஸ்கேனர் ஒயரைக் கம்ப்யூட்டரில் செருக மறந்துவிட்டீர்கள். அதனால் கம்ப்யூட்டர் தன் மைக்கில் கேட்டு, சமையலறைப் பேச்சு முழுவதையும் ஊருக்கு அனுப்புகிறது. ஷெரிஃபை நீங்கள் திட்டியது உட்பட. உடனே செருகிவிடுங்கள்.

இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை அனுப்புங்கள். ஷிஃப்ட் மணி அடித்துவிட்டது.

ஞாயிறு காலை மட்டும், பிஸ்கட்டுக்குத் தீனி வைக்கும் நேரத்தில், அந்த ஒயரைப் பிடுங்கி வையுங்கள். ஊர் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

உங்கள் மகள்,
டார்லா