ஐந்து வருஷமும் ஒரு வருஷமும்

"நீயா இருந்தா எதைடா எடுப்பே?" என்று என்னைக் கேட்டாய். எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவின் கிள்ளானில் நாம் இருவரும் பாடம் நடத்திய பள்ளிக்கு எதிரே இருந்த ஒட்டுக்கடையில், தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

நேற்று உன் தங்கை வந்திருந்தாள். உன் அலமாரியை ஒழித்தபோது கிடைத்ததாம், உன் பழைய குளிர்கோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அந்துருண்டை வாசம் இன்னும் கூடத்தை விட்டுப் போகவில்லை. அதோடுதான் உன் கேள்வியும் வந்தது.

உனக்கு இரண்டு இடம் கிடைத்திருந்தது. கனடாவில் முனைவர் பட்டம், ஐந்து வருஷம். செலவெல்லாம் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ளும். லண்டனில் முதுகலை, ஒரே வருஷம், எல்லாம் கைக்காசு. உன் அப்பா ரயில்வேயிலிருந்து ஓய்வு பெறவிருந்தார். பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். வரப்போகும் பணத்தில் சுங்கை வேயில் ஒரு சின்ன வீடு வாங்கலாம், அல்லது உன்னை லண்டனுக்கு அனுப்பலாம். இரண்டுக்கும் போதாது.

நான் வழக்கம்போல் ஓர் உதாரணம் சொன்னேன். தைப்பிங் போகிறவனுக்கு ஓசியில் லோரி கிடைக்கிறது, காசு கொடுத்தால் டாக்சி. ஆனால் டாக்சி ஈப்போவிலேயே நின்றுவிடும், லோரிதான் கடைசிவரை போகும் என்றேன்.

"வாத்தியார் வேலையை ஸ்கூலோட விடு லா," என்று சிரித்தாய். ஆனால் உன் மனமும் கனடாவில்தான் இருந்தது.

லண்டன் என்று சொன்னவர் உன் அப்பா மட்டும்தான். பஸ் காசை மிச்சம் பிடிக்க நடந்தே போகிற மனிதர் அவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் உங்கள் வீட்டில் இருந்தேன். நீ கணக்கை விளக்கினாய். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கணக்கு சரிதான்டா. ஒரு வருஷம்னா நான் இருந்து பாத்துருவேன். அஞ்சு வருஷம் ரொம்ப நீளம்."

"நடுவுல லீவுல வருவேன்ப்பா," என்று இடைமறித்தாய். அவர் அதற்குமேல் பேசவில்லை. பிள்ளையைப் பிரிந்திருக்க முடியாதவரின் பேச்சு என்றுதான் நாம் இருவரும் எடுத்துக்கொண்டோம்.

நீ கனடா என்று முடிவு செய்ததும், அவரே நம்மைக் கடைக்கு அழைத்துப் போய் அந்தக் கோட்டை வாங்கித் தந்தார். ஜனவரியில் பள்ளி திறக்கும்போது பிள்ளைக்குச் சப்பாத்து வாங்குகிற மாதிரி ஓர் அளவு பெரிதாக. நீயோ அப்போதே மீசை நன்றாக முளைத்து வாத்தியார் ஆகியிருந்தாய். "அஞ்சு வருஷம் போடணும்ல, உடம்பு வைக்கும்," என்றார். கடைக்காரர் சிரித்தார். நீ கூச்சத்தில் தரையைப் பார்த்தாய்.

சுங்கை வே வீட்டுக்குக் குடிபோன மூன்றாம் வருஷம், ஒரு காலையில் அவர் போய்விட்டார். உனக்குத் தொலைபேசியில் சொன்னது நான்தான். நீ வந்து சேரும்வரை உடலை வைத்திருக்க முடியாது என்று உறவினர்கள் சொல்லிவிட்டார்கள். யார் கொள்ளி வைப்பது என்று மாமன்மார் பேசிக்கொண்டிருந்தபோது, உன் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அவனுக்குப் பதிலா நீயே வச்சிரு."

சுபாங் விமான நிலையத்தில் நீ வெளியே வந்தபோது என் மொட்டைத் தலையைத்தான் முதலில் பார்த்தாய். அதன்மேல் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றாய். எப்படி நடந்தது என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

படித்து முடித்துத் திரும்பினாய், பேராசிரியர் ஆனாய். உன் அம்மா கடைசிவரை அந்த வீட்டில்தான், சொந்தக் கூரைக்கடியில் இருந்தார். உன் முடிவு தப்பு என்று யாரும் சொல்லிவிட முடியாது. நானும் சொல்லவில்லை.

ஆனால் இந்த வருஷம் நீ படுக்கையில் கிடந்தபோது, திடீரென்று சொன்னாய்: "அப்பா எனக்கு லண்டனைக் கொடுக்கலடா. எங்கிட்ட வருஷத்தைக் கேட்டாரு. நான் காசுன்னு கணக்குப் போட்டுட்டேன்."

உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ போன பிறகும் அந்த வார்த்தைகள் என்னிடமேதான் இருக்கின்றன. அவற்றை நான் மட்டும் வைத்திருப்பது சரியில்லை என்றுதான் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன்.

படிக்கிற பிள்ளைகளே, உங்கள் முன் இப்படி இரண்டு வழி வந்தால், செலவைக் கூட்டிப் பார்ப்பதற்கு முன், வீட்டில் தங்கப் போகிறவரிடம் எத்தனை வருஷம் காத்திருக்க முடியும் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.