பெருக்கிவிட்ட கொல்லை

மச்சான்,

நேற்று சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் சருகு எரிகிற புகை அடுப்படிக்குள் வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை துபாயிலிருந்து வருகிறானாம். கொல்லையைப் பெருக்கிக் குவித்துக் கொளுத்தியிருக்கிறார்கள். சன்னலைச் சாத்தப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். இந்த வாசனையைப் பற்றி உங்களைத் தவிர யாரிடம் பேசுவேன்?

நீங்கள் சவுதிக்குப் போன நான்காம் வருடம் கேமரா வந்தது. உங்கள் ரூமில் இருந்த நன்னிலத்துக்காரர் ஒரு கைலியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். மாடி எழும்புவதையும் மகள் வளர்வதையும் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். எடுத்தது போக ரோலில் ஐந்தாறு படம் மிச்சம். வீணாக்குவானேன் என்று, மாமரத்தடியில் தத்திக்கொண்டிருந்த ஒரு பறவையை அடுப்படிச் சன்னல் வழியாக எடுத்தேன். பச்சை முதுகு, சந்தன நிற வயிறு, கண்ணுக்குச் சுர்மா இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு. வால் மட்டும் யாரோ கத்தரித்துவிட்ட மாதிரி குட்டை.

பதிலுக்கு உங்கள் குரல் கேசட்டில் வந்தது. வீடே கூடி உட்கார்ந்து கேட்டோம். "மாடி நல்லா வந்திருக்கு. அது சரி, அந்தக் குருவி யாரு?" என்று ஆரம்பித்தவர்தான், ஒரு பக்கம் முழுக்க அதே பேச்சு. "நடக்குதா, தத்துதா? தனியாத்தான் வருமா? வாலுக்கு அடியில செவப்பா இருக்கான்னு பாரு, இங்க ஒரு மலையாளத்து ஆளு கேக்கச் சொல்றாரு." மாமி தலையில் அடித்துக்கொண்டார்கள். "பொண்டாட்டி புள்ளைய விசாரிக்காம குருவியை விசாரிக்கிறான் பாரு!"

எனக்கென்னவோ அந்தக் கேள்விகள் பிடித்திருந்தன. சோறு அடிப்பிடிக்கிற வரை சன்னலில் நின்றேன். சிவப்புதான் என்று எழுதினேன். விடியற்காலையிலும் மக்ரிபுக்கு, பொழுது சாய, கொஞ்சம் முன்னாலும் விசில் அடிப்பதை எழுதினேன். ஐப்பசியில் வந்து பங்குனியில் காணாமல் போகிறது என்று எழுதியபோது, "அதுக்காவது வருசா வருசம் லீவு குடுக்கிறாங்களே" என்றீர்கள்.

அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு அப்படித்தான் பிடித்தது. எல்லாரும் பெருநாளைக்கு வரும்போது நீங்கள் லீவைக் கார்த்திகைக்கு மாற்றிக்கொண்டீர்கள். "குருவி பார்க்க வர்றேன்னு யார்ட்டயும் சொல்லிடாதே, பைத்தியம்பாங்க."

கடல் கடந்து சபுர் போன ஆள் திரும்பி வருகிறதென்றால் நம் வீடுகளில் சும்மா இருப்பார்களா? சுவருக்கு வெள்ளை அடித்தேன். பாய்களை வாய்க்காலில் அலசினேன். கொல்லையில் எலுமிச்சைக்கும் மருதாணிக்கும் பாத்தி கட்டி, மாமரத்தடியில் வருடக்கணக்காகக் கிடந்த சருகை இரண்டு நாள் பெருக்கி எரித்தேன். தரை பளிச்சென்று இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நீங்கள் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கொல்லைக்கு ஓடினீர்கள். அங்கேயே நின்றீர்கள்.

"சருகெல்லாம் எங்க?"

"காத்துல போயிருக்கும் மச்சான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ.

கைப்பையிலிருந்து நான் அனுப்பிய படங்களை எடுத்துக் கட்டிலில் பரப்பினீர்கள். "இந்தா பாரு. எல்லாப் படத்துலயும் காலடியில சருகு இருக்கு. அதைப் புரட்டித்தான் புழு பொறுக்குது." தினமும் பார்த்த எனக்குத் தெரியவில்லை. குப்பை படத்தில் விழக் கூடாதே என்பதுதான் என் கவலை. பாலைவனத்தில் உட்கார்ந்திருந்த உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாளிலிருந்து தோப்பு தோப்பாகப் போய்ச் சாக்கில் சருகு கொண்டுவந்து கொட்டினீர்கள். "சென்ட்டு பாட்டில் கொண்டாருவாருன்னு பார்த்தா குப்பை கொண்டாராரே" என்று தெருவே சிரித்தது. நாற்பது நாளும் சன்னலில் காத்திருந்தீர்கள். வரவில்லை. நீங்கள் விமானம் ஏறிய பன்னிரண்டாம் நாள், நீங்கள் கொட்டிய சருகில் அது வந்து நின்றது. சருகும் விழும்படி படம் எடுத்தேன்.

பிறகு அந்தப் பருவத்தில் உங்களுக்கு லீவு கிடைக்கவே இல்லை. ஒரேயடியாக நீங்கள் வந்தது ஒரு சித்திரையில், பழுதான இருதயத்தோடு. கட்டிலைச் சன்னலோரம் போடச் சொல்லி, ஐப்பசிக்கு எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். ஒரு நாள் எனக்குத் தாளவில்லை. நான்தான் பெருக்கினேன், நான்தான் கொளுத்தினேன் என்று சொல்லி அழுதேன்.

"தெரியும். காத்து வந்து நெருப்பு வெச்சிட்டா போகும்?" என்று சிரித்தீர்கள். மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னீர்கள். "அந்த ரூம்ல எட்டுப் பேரு. பெருக்குற வேலை என்னுது. எனக்காக ஒருத்தர் பெருக்கி வெச்சிக் காத்திருந்தது இங்கதான். அதைப் போய்க் குத்தம் சொல்லுவேனா?"

ஆவணியில் போய்விட்டீர்கள். இத்தாவில் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருந்தேன். கொல்லையைப் பெருக்க ஆளில்லை. ஐப்பசியில் அது அடுப்படிப் படி வரைக்கும் வந்து சருகைப் புரட்டியது. நீங்கள் பார்க்கவே இல்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை மச்சான்.

இப்போதும் எதைப் பார்த்தாலும் அதன் காலடியில் என்ன கிடக்கிறதென்று பார்க்கிறேன். இன்று காலை அந்தக் குருவி ஒரு சருகைப் புரட்டிவிட்டு, தலையைச் சாய்த்து வெகுநேரம் அசையாமல் நின்றது. மண்ணுக்குள் புழு ஊர்வது அதற்குக் கேட்குமா? உங்களிடம் கேட்கலாமென்று கட்டில் பக்கம் திரும்பிவிட்டேன்.