குடில் ஏட்டில் ஒரு திருத்தம்

அன்புள்ள உர்ஸ்,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மலைக்குடிலில் ஏறுபவர்களுக்குச் சமைத்துப் போடுவது எனக்குப் பழகிவிட்டது. நான் நலம்.

மறுநாள் எதுவரை ஏறுகிறோம் என்று குடில் ஏட்டில் எழுத வேண்டுமல்லவா? நான் "உச்சி" என்று எழுதினேன். என் பழைய மாணவன், வழிகாட்டி பெனெடிக்ட் அதை அடித்து, "பனி விளிம்பு வரை" என்று மாற்றினான்.

"அறுபத்தாறு வயசுல எதுக்கு டீச்சர் வீம்பு? சூப்பு வச்சுட்டு சும்மா இருங்களேன்."

"கணக்கைப் போடவிடாமலே தப்புன்னு அடிப்பியா? கயித்துல உனக்கு அடுத்து என்னைக் கட்டு. பின்தங்கினா நானே திரும்பிடறேன்."

மறுநாள் ஏறும்போது ஓரிடத்தில் என் கால் சறுக்கியது. கயிறு வேறு எதற்கு இருக்கிறது? உச்சியில் அவன்தான் முதலில் கை குலுக்கினான். இறங்கி வந்ததும் ஏட்டை நீட்டி, "நீங்களே திருத்துங்க" என்றான். சிவப்பு மையில் திருத்தினேன்.

உங்கள் கம்பளிக் கையுறைகளை அனுப்புங்கள். துவைக்காமல், உங்கள் வாசனையோடு அனுப்புங்கள்.

பால் பொங்குகிறது.

உங்கள் வெரேனா