கழிவறை வாசலில் ஒரு நன்றி

வில்லா கிரெஸ்போ, புவெனஸ் ஐரிஸ்
ஞாயிறு காலை

என் கண்ணே லூனா,

அம்மா எழுதுகிறேன். படைத்தவன் தயவில் நானும் அப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், நீ அந்த மாண்ட்ரியல் பனியில் காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். இங்கே ஜனவரி வெயில் கொளுத்துகிறது, ஜன்னலைச் சாத்திவிட்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் காகிதம் பறக்கிறது என்று நினைத்துக்கொள். உன் கடிதம் வந்தது. எழுந்திருக்கிறேன், வேலைக்குப் போகிறேன், வருகிறேன், சாப்பிடுகிறேன், ஒரு குறையும் இல்லம்மா, சந்தோஷம்தான் வரமாட்டேங்குது என்று எழுதியிருந்தாய். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு, "ரெய்னா, அவளுக்கு ஆஸ்பத்திரிக் கதைய முழுசா எழுது, வெக்கப்படாம எழுது" என்றார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மட்டும்தானே போனில் சொன்னோம், பக்கத்தில் உன் அத்தை உட்கார்ந்திருந்தாள், அவள் காதில் விழுந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும்.

உன் அப்பா எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியும். சோபா தைக்கிற கை எவ்வளவு நிதானமோ, படைத்தவனுக்கு வாழ்த்துச் சொல்கிற வாய் அவ்வளவு வேகம். ரொட்டிக்கு ஒன்று, திராட்சை ரசத்துக்கு ஒன்று, இடி இடித்தால் ஒன்று, எல்லாவற்றையும் கண்டக்டர் ஸ்டாப்பிங் பேர் சொல்கிற மாதிரி சொல்லி முடித்துவிடுவார். அப்படிப்பட்டவருக்குத்தான் புராஸ்டேட் வீங்கி சிறுநீர் அடைத்துக்கொண்டது. ஆபரேஷன் செய்து, சிறுநீர் போக வைத்திருந்த டியூபைச் சில நாள் கழித்து எடுத்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை. திரும்ப டியூப் போட்டார்கள். மறுபடி எடுத்துப் பார்ப்போம், அப்போதும் வரவில்லை என்றால் டியூபோடுதான் வீட்டுக்குப் போகவேண்டியிருக்கும், எத்தனை மாதம் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். அன்றிலிருந்து அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலையில் பிரார்த்தனைத் தொப்பியை எடுத்துக் கொடுத்தேன், தலையில் வைத்துக்கொண்டார், வாய் மட்டும் திறக்கவில்லை. பிரார்த்தனை சொல்லலையா என்று கேட்டதற்கு, "எதுக்கு நன்றி சொல்லணும், இந்தப் பைக்கா?" என்று கட்டிலில் தொங்கிய மூத்திரப் பையைக் காட்டினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரிடம் இப்படி ஒரு சொல் கேட்டதில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒஸ்வால்டோ என்று ஒரு பஸ் டிரைவர். நல்ல தொப்பை, நல்ல மீசை, கழுத்தில் சிலுவைச் சங்கிலி, அவருக்கும் இதே வியாதி, இதே டியூப். அப்பா ஏன் இப்படி முறுக்கிக்கொண்டு படுத்திருக்கிறார் என்று என்னிடம் கேட்டார். யூதர்களான எங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு நன்றி உண்டு, இவர் இப்போது எதையும் சொல்லமாட்டேன் என்கிறார் என்றேன். கோபத்தில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன், கழிவறைக்குப் போய்வந்தால்கூட எங்களுக்கு ஒரு வாழ்த்து இருக்கிறது என்று. ஒஸ்வால்டோ சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. "ஐயோ செனோரா, அதுக்குமா! சிரிக்க வைக்காதீங்க, தையல் பிரிஞ்சிடும்" என்றார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, அதுல என்னதான் சொல்லுவீங்க?" என்று கேட்டார். எனக்கு முழுதாகச் சொல்ல வரவில்லை. சுவர்ப் பக்கத்திலிருந்து அப்பா குரல் வந்தது, "அவளுக்குத் தெரியாது, நான் சொல்றேன்" என்று.

எபிரேயத்தில் என்றால் ஒரு மூச்சில் ஓடியிருப்பார். ஒஸ்வால்டோவுக்கு ஸ்பானிஷில் அல்லவா சொல்லவேண்டும்? ஒவ்வொரு சொல்லாகத் தேடவேண்டியிருந்தது. மனுசனை அறிவோடு படைத்தவனே, அவன் உடம்பில் துவாரங்களும் குழாய்களும் வைத்தவனே என்று அப்பா இழுக்க, "ஓட்டைன்னே சொல்லுங்க டான் நிசிம், எனக்குப் புரியும், நாள்பூரா ஓட்டை எஞ்சினோடதானே குடும்பம் நடத்துறேன்" என்றார் அவர். திறந்திருக்கவேண்டியதில் ஒன்று அடைத்துக்கொண்டாலும், மூடியிருக்கவேண்டியதில் ஒன்று திறந்துகொண்டாலும் உன் முன்னால் நாங்கள் எழுந்து நிற்கமுடியாது என்கிற இடம் வந்ததும் அப்பா நிறுத்திவிட்டார். ஒஸ்வால்டோவும் சிரிக்கவில்லை. "இத எழுதின ஆளு நம்ம வார்டுலதான் படுத்திருந்திருக்கணும்" என்றார் மெதுவாக. அப்பா என்னைப் பார்த்துத் திரும்பி, "ரெய்னா, பொழுது விடிஞ்சா பொழுது போனா இதச் சொல்லியிருக்கேன், இப்பதான் காதுல விழுது" என்றார்.

மறுநாள் டியூபை எடுத்தார்கள். காலை போயிற்று, மதியச் சூப்பும் போயிற்று, ஒரு சொட்டுகூட இல்லை. அப்புறம் அப்பா எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டே கழிவறைக்குப் போனார். வார்டில் ரேடியோவைக்கூட அணைத்துவிட்டார்கள். கொஞ்சநேரத்தில் உள்ளேயிருந்து ஒரு கத்தல். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நர்ஸ் ஓடிவந்தாள். அப்பா வெளியே வந்தார், தண்ணீர்க் குழாயில் கையைக் கழுவினார், நின்ற இடத்திலேயே அந்த வாழ்த்தை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தி நிறுத்திச் சொன்னார், முகமெல்லாம் கண்ணீர். வார்டே ஆமென் என்றது. எல்லாரையும்விடப் பெரிதாகச் சொன்னது ஒஸ்வால்டோதான் லூனா, அவருக்கு அன்று டியூப் எடுத்துப்பார்த்து ஒன்றும் வராமல், திரும்பப் போட்டிருந்தார்கள். பொறாமைப்பட எல்லா நியாயமும் இருந்தும் அந்த மனிதர் கைதட்டினார். அந்தக் கைதட்டலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவருக்கும் பிறகு சரியாகிவிட்டது, போன ஞாயிறு போன் செய்து, "டான் நிசிம், திறந்துடுச்சு!" என்று கத்தினார், இந்தப் பக்கம் அப்பாவும் கத்தினார், நான் அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு கிழவர்களையும் திட்டிக்கொண்டே அழுதேன்.

இதனால் அப்பா ஞானியாகிவிட்டார் என்று நினைக்காதே, நேற்றுகூட சீஸ் வைத்துச் சுட்ட புரேகாஸில் உப்பு இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் ஒன்று எனக்குத் திடமாகத் தெரியும் மகளே, சந்தோஷம் வந்தபிறகு நன்றி சொல்லலாம் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருக்கவேண்டும். வாய் முதலில் போகட்டும், மனசு முனகிக்கொண்டே பின்னால் வரும். காலையில் காலைத் தரையில் வைக்கும்முன் தூக்கத்தில் வாங்கி வைத்த உயிரைத் திருப்பிக் கொடுத்ததற்குப் படைத்தவனுக்கு ஒரு நன்றி சொல், பாத்திரம் கழுவும் தொட்டிக்குமேல் நின்றுகொண்டு சாப்பிடாதே, தட்டு வைத்து உட்கார்ந்து, ரொட்டிக்கு உரியதைச் சொல்லிவிட்டுச் சாப்பிடு. அதற்கும் மேலே இந்த ருசியின்மை போகவில்லை என்றால் டாக்டரைப் பார், அதில் வெட்கம் எதற்கு, அப்பாவுக்கும் முதலில் டாக்டர்தான்.

இன்னொன்று சொல்லவேண்டும். அப்பா இப்போது சமையலறை ஜன்னல் பக்கம் நின்றுதான் அந்த வாழ்த்தைச் சொல்கிறார், அது காற்றுப்போக்கி வழியாக மேல்மாடி வரைக்கும் கேட்கிறது. மூன்றாம் மாடி ஒஃபேலியா, நாயை வைத்து வந்த சண்டைக்குப் பிறகு நம்மோடு பேசுவதில்லை அல்லவா? நேற்றுக் காலை அப்பா அயர்ந்து தூங்கிவிட்டுத் தாமதமாகத்தான் எழுந்தார். சொல்லி முடித்ததும் மேலேயிருந்து ஒஃபேலியாவின் குரல் இறங்கி வந்தது, "ஆமென்! என்ன டான் நிசிம், இன்னிக்கு லேட்டு? உடம்புக்கு ஒண்ணுமில்லியே?"

உன் போக்கும் வரவும் காக்கப்படட்டும், உன் கை தொட்டது துலங்கட்டும், உன் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கட்டும். அங்கே வெள்ளிக்கிழமை சூரியன் சீக்கிரமே விழுந்துவிடுமாமே, ஓய்வுநாள் விளக்கேற்ற நேரம் தவறாதே, யாராவது தனியாக இருக்கிற பெண்ணைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொள்.

அப்பாவின் முத்தங்களோடு,
உன் அம்மா
ரெய்னா