ஸ்டெல்லாவின் கிணற்றுத் தண்ணிக் கட்டுரை

14.3.2003, வெள்ளி

பெங்களூரில் கோடை லீவில் நடக்கும் அறிவியல் ஆராய்ச்சிப் பயிற்சிக்கு மகள் ஸ்டெல்லா விண்ணப்பம் எழுதி முடித்துவிட்டாள். ஆம்பூர்க் கிணறுகளில் தோல் தொழிற்சாலைகளின் குரோமியக் கழிவு கலப்பதைப் பற்றித்தான் கட்டுரை. அவள் அப்பா வேலை பார்ப்பதே அப்படி ஒரு தொழிற்சாலையில். பெற்றோர் கையெழுத்துக்காக அதை அவரிடம் நீட்டினாள்.

இரண்டு தடவை படித்தார்.

"குரோமியத்தத் தண்ணியிலேர்ந்து எப்படிப் பிரிக்கிறதுன்னு எழுதலியே, கண்ணு?"

"அதக் கத்துக்கத்தாம்ப்பா போறேன்."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். முதலாளி காதுக்குப் போனால் என்று நான் ஆரம்பித்தேன்.

"இன்னா இப்போ? புள்ள சரியாத்தான எழுதியிருக்கா," என்றார்.

கொஞ்சம் பேரைத்தான் எடுப்பார்களாம். இடம் கிடைக்கவேண்டும், கர்த்தரே. கிடைக்காவிட்டாலும், இந்தத் தண்ணியைப் பற்றி இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் வாய்விட்டுப் பேசினோம்.