மேற்குப் பக்கத்து அறை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், போனில் நீ சொல்கிற "நல்லாருக்கேன்" மட்டும் எனக்குப் போதவில்லை.

வீட்டைப் புதுப்பித்துக் கட்டும் விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பி வைத்த இன்ஜினியர் தேன் ஒழுகப் பேசுகிறார், அதுதான் எனக்கு முதல் சந்தேகம். நடுவில் காற்று இடைவெளி விட்ட இரட்டைச் சுவர், மொட்டை மாடிக்கு வெள்ளை ஓடு, ஜன்னலுக்கு மேல் அகலமான சன்ஷேடு என்று அடுக்கினார். செலவைக் கேட்டால் "கொஞ்சம் கூடும் சார், ஆனா கரண்ட் பில்லுல திரும்ப வந்துடும்" என்கிறார். போட்ட பணம் அப்படித் திரும்பி வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகுமாம். அதுவரை நான் இருப்பேன் என்று எழுதிக் கொடுப்பீர்களா என்றேன், சிரித்து மழுப்பிவிட்டார். சந்தேகப் பிராணி என்று அம்மா என்னைத் திட்டுகிறாள்.

உன் அப்பா காலமெல்லாம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவன், வாய்ப்பேச்சை நம்புவேனா. அவர் இதே மாதிரி கட்டியதாகச் சொன்ன ஒரு வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் உச்சி வெயிலில் போனேன். கரண்ட் நிறைய ஓடினால் படபடவென்று சிமிட்டுகிற சிவப்பு விளக்கு, அந்த வீட்டு மீட்டரில் தூங்கி வழிந்துகொண்டு சிமிட்டியது. ஆள் இல்லாத வீட்டைக் காட்டி ஏமாற்றுகிறார் என்று நினைத்துக் கதவைத் தட்டினால், குழந்தை குட்டியோடு ஒரு குடும்பமே எட்டிப் பார்த்தது. உள்ளே உட்கார வைத்தார்கள், எனக்கு வேர்க்கவே இல்லை. செலவு நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் வரைபடத்தில் மேற்குப் பக்கம் இருக்கிற உன் அறையைச் சாமான் அறை என்று போட்டிருக்கிறார். சாயங்கால வெயிலை அது வாங்கிக்கொண்டால் மற்ற அறைகள் சூடாகாதாம். யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்றேன். "அந்த ரூம்ல இனிமே யாரும் தங்கப் போறதில்லன்னு உங்க பொண்ணுதான் சொன்னாங்க சார்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவிடம் இன்னும் மூச்சு விடவில்லை. நீதான் சொன்னாயா, இல்லை அவராக அளந்து விட்டாரா, சுற்றி வளைக்காமல் எழுது.

அந்த அறைக்கும் இரட்டைச் சுவர் வைக்கச் சொல்லிவிட்டேன். நீ வந்து, பழையபடி விசிறியை அணைக்க மறந்துவிட்டுப் போ, நான் திட்டிக்கொண்டே அணைக்கிறேன். நீ வராததால் மிச்சமாகிற கரண்ட் எனக்கு வேண்டாம்.

நோய் நொடியில்லாமல் நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு. பதில் போடும்போது உறை மேல் என் பெயரை மட்டும் எழுது, அம்மா பிரித்துவிடப் போகிறாள்.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அப்பா