காவலாளி சொன்ன பதில்

என்னங்க,

ஆலையில் பாய்லர் வெடித்து இரண்டு நாளாகிறது. வேலைக்குப் போன நீங்கள் இன்னும் வீடு திரும்பவில்லை.

நீங்கள் எழுதித் தந்த சுவாஹிலி நோட்டைப் பார்த்து ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்தேன். அதில் ‘கணவர்’ முதலில், ‘என்’ பிறகு. ‘மூமே வாங்கு யூக்கோ வாப்பி?’ என் கணவர் எங்கே?

ஆலை வாசல் காவலாளியிடம் பிசிறில்லாமல் கேட்டுவிட்டேன். எனக்கு மொழி தெரியும் என்று நினைத்து அவர் நீளமாகப் பதில் சொன்னார். கேள்வியை மட்டும்தானே படித்திருந்தேன்? ஒன்றும் புரியவில்லை. நடுவில் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். புழுக்கம் போல.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு அந்த மொழி தண்ணீர் பட்ட பாடு. “நான் போய்க் கேட்டுட்டு வரட்டுமாம்மா?” என்றார்.

“வேணாங்க்கா.”

கதவைச் சாத்திவிட்டேன். தாழ்ப்பாள் போடவில்லை. நீங்களே வந்து தமிழில் சொல்லுங்கள்.

உங்கள் மனைவி